அம்சவல்லி சொல்லிக்கொடுத்த பதில்

கீழக்கரம்பையில் நடவு என்றால் அம்சவல்லியிடம்தான் முதலில் சொல்லியனுப்புவார்கள். எந்த வயலுக்கு எத்தனை ஆள், யாருடையதை முதலில் முடிப்பது, சாப்பாட்டுக்கு எப்போது கரையேறுவது, எல்லாம் அவள் வாய்ச்சொல். இருபத்திரண்டு பெண்கள் அவள் பின்னால் போவார்கள். "சேறு இன்னும் பதமா இல்ல, பரம்படிச்சு மட்டமாக்கிட்டுக் கூப்பிடுங்க" என்று அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டால் இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். வயல்காரர்கள் முணுமுணுப்பார்கள், ஆனாலும் அவளைத் தாண்டி ஆள் வைத்தவர் கிடையாது. தான் சொன்னால் ஒரு தெருவே கேட்கும் என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு. அதை அவள் ஒளித்ததும் இல்லை.

காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்துசேரும் கடைமடை ஊர் அது. கிழக்கே ஒன்றரை மைல் போனால் கடல். கடலோரம் மீனவர் குப்பம், அதற்கு மேற்கே நெல்வயல். வயலுக்கும் வடிகால் வாய்க்காலுக்கும் நடுவே அம்சவல்லியின் தெரு. முப்பத்தெட்டு வீடு. ஒரு வீட்டுக்கும் பட்டா இல்லை. அத்தனையும் கோயில் நிலம்.

அந்த இடத்துக்கு அவர்கள் வந்ததே ஒரு கதை. அம்சவல்லி பிறந்த குடிசை ஒரு மிராசுதாரின் தோப்பு ஓரத்தில் இருந்தது. அவள் அப்பா மருதையன் சங்கத்தில் கொடி பிடித்தவர். அறுபதுகளின் கடைசியில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுப்பை நிறுத்தியபோது, ஒரு காலையில் ஆட்கள் வந்து தோப்போரத்துக் குடிசைகள் ஏழையும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அம்மா சட்டி பானையோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்ததும், அப்பா நாலு பனைமட்டையைச் சாய்த்து வைத்து, "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொன்னதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தக் கொஞ்ச நாள் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதன் பிறகுதான் கோயில் நிலத்தில் ஒதுங்கினார்கள்.

ஆட்சி மாறியது. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. பக்கத்து ஊர்களில் பலர் பட்டாவைக் கையில் வாங்கினார்கள். மருதையனும் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கோயில் இடத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்லித் திருப்பினார்கள். எழுபத்தேழாம் வருஷத்துப் புயலில் கூரை போயிற்று. இரண்டு மாதம் பள்ளிக்கூடத்து வராந்தாவில் குடித்தனம். மருதையன் சாகிறபோதும் அவர் பெயரில் ஒரு அடி மண் கிடையாது.

அம்சவல்லி அதே தெருவில் துரைக்கண்ணுவைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் அதிகம் பேசாத ஆள்; வாய்க்கால் வெட்டுவதில் கெட்டிக்காரன். இருவரும் சேர்ந்து மண்சுவர் எழுப்பினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, எங்கோ இடித்த அரிசி ஆலையின் பழைய ஓடுகளை வண்டியில் ஏற்றிவந்து கூரைக்கு ஓடு போட்டார்கள். தெருவில் முதல் ஓட்டு வீடு அதுதான். ஒரே மகளைப் பேராவூரணிப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தது அந்த ஓட்டுக்குக் கீழேதான்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் மார்கழியில், கடலுக்கு அடியில் எங்கோ வெகு தூரத்தில் நிலம் நடுங்கியது. கீழக்கரம்பையில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. அம்சவல்லி ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வரப்பில் குனிந்திருந்தாள். வடிகாலில் தண்ணீர் எப்போதும் கிழக்கே ஓடும். அன்று அது மேற்கே வந்தது. முதலில் அவள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்பாக, மரமும் வலையும் சட்டியுமாக அது கரையைத் தாண்டியபோதுதான் புல்லைப் போட்டுவிட்டு ஓடினாள்.

தெருவில் இடுப்பளவு நின்றது. பெரிய வேகம் இல்லை. ஆள் யாரும் சாகவில்லை. ஆனால் மண்சுவருக்கு வேகம் தேவையில்லை. தண்ணீர் வடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் வீடுகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. பொங்கலுக்கு அறுக்க வேண்டிய சம்பா, கதிர் முற்றிய சம்பா, மூன்றே நாளில் வெளுத்துச் சருகாகிவிட்டது. வயலெல்லாம் உப்பு.

குப்பத்தில் நாற்பத்தொரு பேர் செத்தார்கள். அதன் பிறகு தெருக்காரர்கள் எங்கே போய் என்ன கேட்டாலும் ஒரே கேள்விதான் வந்தது: "உங்க தெருவுல சாவு இல்லையே?" சாவு இல்லாததே ஒரு குற்றம்போல அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

தை கடந்து, உப்பேறிப் பாழாய்க் கிடந்த துரைராசுவின் வயலை அரசாங்கம் ஒரு வருஷக் குத்தகைக்கு எடுத்து அதில் தற்காலிக வீடுகள் போட்டது. துரைராசு ஊரில் நாலு வேலி, இருபத்தேழு ஏக்கர் போல, நிலம் வைத்திருந்தவர். "ஒரு வருஷம், அதுக்கு மேல ஒரு நாளு கூடாது" என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார். முன்வரிசைகளில் குப்பத்து ஜனங்கள். கடைசி இரண்டு வரிசையில் அம்சவல்லியின் தெரு.

மூங்கில் கழி, அதில் அறைந்த கறுப்புத் தார் அட்டை, மேலேயும் அதே தார் அட்டை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒரே அட்டைதான் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். மாசி வரைக்கும் எப்படியோ போயிற்று. பங்குனியில் வெயில் ஏற ஏற அட்டை இளக ஆரம்பித்தது. பத்து மணிக்கு மேல் உள்ளே யாரும் இருக்க முடியாது. வெளியிலும் மரம் இல்லை, வயல்தானே. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வடிகால் மதகின் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். துணி மாற்றுவதென்றால் மூன்று பேர் சுற்றிச் சேலை பிடிக்க வேண்டும்.

சித்திரைக் கடைசியில், தஞ்சாவூரில் படிக்கிற ஒரு பெண் கணக்கெடுக்க வருகிறாள் என்று செய்தி வந்தது. தற்காலிக வீடுகளில் இருப்பவர்களுக்குத் திருப்தியா இல்லையா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதப்போகிறாளாம்.

முதல் நாள் சாயங்காலம் செல்லதுரை அம்சவல்லியைத் தேடிவந்தான். ஊராட்சி வார்டு உறுப்பினர், அதே தெருக்காரன், அவனுக்கும் அதே தார் வீடுதான்.

"அக்கா, ஒரு விஷயம். நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து கேக்கறப்ப நம்ம சனம் கண்டபடி பேசிறக் கூடாது."

"என்னத்தப் பேசப்போறாங்க? வேகுதுன்னு சொல்லுவாங்க. வேகத்தானே செய்யுது?"

"அங்கதான் வெனையே. நாம மீனவங்க கெடையாது. நம்மகிட்ட பட்டா கெடையாது. சாவும் கெடையாது. ஏதோ போனாப் போவுதுன்னு பின்னாடி ரெண்டு வரிசை குடுத்திருக்காங்க. நாம போயி இது சரியில்ல, அது சரியில்லன்னா, 'சரிப்பா, புடிக்கலேன்னா எடத்தக் காலி பண்ணு'ன்னு சொன்னா எங்க போவ? நெரந்தர வீட்டுக்கு லிஸ்ட்டு எழுதறப்ப இவனுங்க தகராறு புடிச்சவனுங்கன்னு நம்ம பேர விட்டுட்டா?"

வாய்க்கால் கரையும் பனைமட்டையும் அம்சவல்லிக்குக் கண்ணில் வந்து நின்றன. அப்பாவும் 'இது சரியில்லை' என்று சொன்னவர்தான். சொன்னதற்குக் கிடைத்தது அவளுக்குத் தெரியும்.

"நீ சொன்னா கேப்பாங்கக்கா" என்றான் செல்லதுரை. அவன் குரலில் அதிகாரம் இல்லை, பயம்தான் இருந்தது. அதனால்தான் அவள் அவனை நம்பினாள்.

அன்றைக்கே மதகடியில் பெண்களைக் கூட்டினாள். "நாளைக்கு என்ன கேட்டாலும் திருப்தின்னு சொல்லுங்கடி. வீடு கையில வர்ற வரைக்கும் வாயைக் கட்டணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். காளியம்மாள் மட்டும், "அது எப்படி அம்சா? கறி வேகற மாதிரி வெந்துகிட்டு, திருப்தின்னா சிரிக்க மாட்டாளா அவ?" என்றாள். காளியம்மாள் அம்சவல்லியின் வயசு. இருபது வருஷமாக நடவு வரிசையில் அவளுக்குப் பக்கத்து ஆள். புருஷன் செத்துப் பல வருஷம். வேம்பு என்று பத்தொன்பது வயதில் ஒரு மகள். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற சுபாவம்.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறா. நீ சொல்லு" என்றாள் அம்சவல்லி.

மறுநாள் வந்த பெண்ணின் பெயர் ஆயிஷா. அதிராம்பட்டினத்துப் பெண். தலையில் முக்காடு, தோளில் பை, கையில் அட்டை வைத்துக் கோத்த படிவங்கள். அம்சவல்லிதான் அவளைப் பின்வரிசைகளுக்கு அழைத்துப்போனாள். யார் கேட்டும் அல்ல, அவளே முன்வந்தாள்.

ஒவ்வொரு வாசலிலும் ஆயிஷா ஒரே மாதிரி கேட்டாள். "இப்ப இருக்கற இந்த வீடு உங்களுக்கு எப்படி இருக்கு? அஞ்சு பதில் படிக்கறேன், எது சரியோ அதச் சொல்லுங்க." ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதில் வந்தது. காற்றோட்டம், திருப்தி. தண்ணீர், திருப்தி. பாதுகாப்பு, திருப்தி. ஆயிஷாவின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை படிவத்தில் சொட்டியது. அவள் அதை முக்காட்டு நுனியால் ஒற்றிக்கொண்டு எழுதினாள்.

காளியம்மாள் வீட்டு வாசலில் கொஞ்சம் தடங்கல். "வெயில் நேரத்துல உள்ள வந்து பாருங்க டீச்சரம்மா. மேலேர்ந்து தார் சொட்டுது. இங்க பாருங்க" என்று காளியம்மாள் முழங்கையை நீட்டினாள். ஒரு சின்னத் தழும்பு. "அடுப்பு மூட்டவே பயமா இருக்கு. ஒரு பொறி பட்டா..."

அவள் அம்சவல்லியைப் பார்த்தாள். அம்சவல்லி கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தாள். நடவில் யாராவது வரிசை பிசகினால் பார்க்கிற அதே பார்வை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் காளியம்மாள். "திருப்திதான். எழுதிக்கங்க."

ஆயிஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நெஜமாவா?" என்று கேட்டாள். பிறகு எழுதினாள்.

வைகாசி கடைசி வாரம். நடவு இல்லாத வருஷம். ஆண்களும் பெண்களும் வடிகாலில் மணல் அள்ளும் வேலைக்குப் போய்விட்டு, உச்சிப்பொழுதில் சாப்பிட வந்திருந்தார்கள். மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேற்கு ஓரத்து வீடு ஒன்றில் சீமெண்ணெய் அடுப்பு கவிழ்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். அம்சவல்லி சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது, பெரிய துணியை யாரோ கிழிப்பதுபோல. வெளியே வந்தாள். அதற்குள் நாலு வீடு எரிந்துகொண்டிருந்தது.

தார் எரிவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. தீ கூரைமேல் ஏறி ஓடவில்லை. கூரையே தீயாக ஒழுகியது. "குழந்தைங்களத் தூக்குங்க! வேற எதையும் எடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே வரிசை நெடுக ஓடினாள். அவள் குரலுக்குப் பழகியவர்கள் கேட்டார்கள். போட்டது போட்டபடி வடிகால் கரைக்கு ஓடினார்கள். காளியம்மாளும் வேம்புவும் வெளியே வந்துவிட்டதை அம்சவல்லி கண்ணால் பார்த்தாள். மறுபடி திரும்பிப் பார்த்தபோது வேம்பு மட்டும் நின்றிருந்தாள்.

"அம்மா எங்கடி?"

"கார்டு" என்றாள் வேம்பு. "ரேஷன் கார்டு உள்ள இருக்குன்னு..."

கார்டு இல்லாதவனுக்கு வீடு இல்லை என்று செல்லதுரை மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அம்சவல்லியும்தான் சொல்லியிருந்தாள்.

துரைக்கண்ணுவும் இன்னொருவரும் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு போய்க் காளியம்மாளை இழுத்துவந்தார்கள். கார்டு அவள் கையில் இல்லை. முதுகிலும் தலையிலும் தார் ஒட்டியிருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள். அம்சவல்லி அந்த ஐந்து நாளும் வார்டு வாசலில் கிடந்தாள். நினைவு வந்த ஒரு பொழுதில் காளியம்மாள் அவளிடம், "எரியுதுடி" என்று சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. குற்றம் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அம்சவல்லி பிறகு துரைக்கண்ணுவிடம் சொன்னாள்.

பத்தொன்பது வீடு எரிந்து, ஒரு உயிர் போயிற்று. கார்கள் வந்தன, பெரிய மனிதர்கள் வந்து கைகூப்பிவிட்டுப் போனார்கள். காரியம் முடிந்த அன்று அம்சவல்லி வேம்புவைத் தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டாள்.

"வேணாம்" என்றாள் வேம்பு.

"தனியா எப்படி இருப்ப? நான் உனக்குப் பெரியம்மா இல்லியா?"

வேம்பு நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு எங்கம்மா சொல்ல வந்தத முழுசாச் சொல்ல விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

வேம்பு கேட்டது கோபத்தில் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலவே கேட்டாள்.

துரைக்கண்ணு தன்னால் முடிந்ததைச் சொல்லிப் பார்த்தான். "அடுப்பு கவுந்ததுக்கு நீ என்ன பண்ணுவ? நீயா தீ வச்ச?" அவள் காதில் அது ஏறவில்லை. வேம்பு கேட்டது மட்டும் உள்ளே கிடந்து உழன்றது. ஒருநாள் காலையில் எழுந்து, சொல்லாமல், தஞ்சாவூர் பஸ் ஏறிவிட்டாள்.

கல்லூரியின் பெயர் தெரியும், அவ்வளவுதான். கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. ஆயிஷா வெளியே வந்தபோது மதியம் ஆகிவிட்டது. வந்தவள் அவளைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். தீயைப் பற்றிப் பேப்பரில் படித்திருந்தாள்.

"வாங்கக்கா. சாப்பிட்டீங்களா?"

"அந்த எழுதினத மாத்தணும் டீச்சரம்மா" என்றாள் அம்சவல்லி. நின்ற இடத்திலேயே சொன்னாள். "நாங்க சொன்னது பொய்யி. யாருக்கும் திருப்தி இல்ல. நான்தான் சொல்லிக்குடுத்தேன். அத்தன பேரையும் நான்தான் சொல்ல வச்சேன். அத அடிச்சிட்டு வேற எழுதணும்."

ஆயிஷா அவளை மதில் ஓரத்து நிழலில் உட்காரவைத்தாள். படிவமெல்லாம் கூட்டிக் கழித்து அறிக்கையாகப் போய்விட்டதென்று மெதுவாகச் சொன்னாள். கீழக்கரம்பைப் பின்வரிசைகளைத் தனி முகாமாகக் கணக்கிட்டு, நூற்றுக்கு நூறு பேரும் திருப்தி என்று அதில் இருக்கிறதாம்.

"அத யாரு படிச்சாங்க?"

ஆயிஷா கையிலிருந்த பேனாவை மூடினாள், திறந்தாள். "வீடு கட்டற தொண்டு அமைப்புக்காரங்க படிச்சாங்க. எந்த முகாம்ல அதிருப்தி அதிகமோ அங்க முதல்ல தார் அட்டையைப் பிரிச்சிட்டுத் தகரம் போடறதுன்னு முடிவு பண்ணாங்க. பக்கத்து ஊர் முகாமுக்குப் போட்டாச்சு. உங்களது... கடைசில வச்சிருந்தாங்க."

அம்சவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சாலையில் பஸ்ஸும் வண்டியும் போய்க்கொண்டிருந்தன. பிறகு, "காளியம்மா சொன்னத மட்டுமாவது பாக்கலாமா?" என்று கேட்டாள்.

ஆயிஷா உள்ளே போய் ஒரு கட்டைத் தூக்கிவந்தாள். புரட்டி, இருபத்தேழாவது படிவத்தை எடுத்தாள். அம்சவல்லிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். ஆயிஷா படித்தாள். காற்றோட்டம், திருப்தி. பாதுகாப்பு, திருப்தி. கடைசியில் பென்சிலால் சின்னதாக ஒரு வரி இருந்தது. அதற்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"என்ன போட்டிருக்கு? படிங்க."

"'பதில் சொல்லுமுன் பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்தார்.'"

அம்சவல்லி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரிஞ்சது அக்கா" என்றாள் ஆயிஷா. "உள்ள நிக்கவே முடியல, எப்படித் திருப்தின்னு சொல்றாங்கன்னு நெனச்சேன். சொன்னதத்தான் எழுதணும்னு எங்க சார் சொல்லியிருந்தார். இந்த வரிய எழுதினதோட என் வேலை முடிஞ்சதுன்னு இருந்துட்டேன்."

"மறுபடி வருவீங்களா?" என்று கேட்டாள் அம்சவல்லி. "வந்து கேளுங்க. நான் அங்க இருக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆயிஷா தனியாக வந்தாள். படிவம் இல்லை, வெறும் வெள்ளைத்தாள். அம்சவல்லி அதற்கு முந்தின நாளே எல்லாரையும் கூட்டிச் சொல்லியிருந்தாள்: "அவங்கவங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க. என்னைக் கேக்காதீங்க." அன்று காலையிலேயே எழுந்து வடிகாலின் அக்கரைக்குப் போய்விட்டாள். யாரும் திரும்பினால்கூட அவள் முகம் தெரியாத தூரம். பொழுது சாயும்வரை அங்கேயே கோரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஆயிஷா வாசல் வாசலாக உட்கார்ந்து எழுதுவது சின்னதாகத் தெரிந்தது. வேம்புவின் முன்னால் அவள் அதிகநேரம் உட்கார்ந்திருந்தாள். வேம்பு என்ன சொன்னாள் என்று அம்சவல்லி கேட்கவும் இல்லை, யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை.

அந்தத் தாள்களை மனுவோடு கோத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்தார்கள். செல்லதுரையும் வந்தான். வரிசையில் நிற்கும்போது, "எல்லாம் என்னாலதாங்க்கா" என்று அழுதான். "நீ என்கிட்ட ஒருத்திகிட்டதான் சொன்ன" என்றாள் அம்சவல்லி.

ஒன்றரை மாதத்தில் தார் அட்டை போய்த் தகரமும் மேலே கீற்றும் வந்தன; வீட்டுக்கு வீடு இடைவெளி விட்டார்கள். அடுத்த வருஷம் ஆடியில் ஒரு வயல்காரர் நாற்று நட ஆள் கேட்டு வந்தபோது அம்சவல்லி, "வேற யாரையாச்சும் முன்னால நிக்கச் சொல்லுங்க, நான் ஆள் கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். போனால் ஓர் ஆளாகப் போனாள், சொன்ன இடத்தில் நின்றாள்.

நிரந்தர வீடு அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. குப்பத்துக்காரர்களுக்கு வந்துவிட்டது, அவர்கள் போய்விட்டார்கள். துரைராசு குத்தகை முடிந்ததென்று வயலைக் கேட்டு நின்றார். "மழையில உப்பு கழுவிப்போச்சு. என் நெலத்துல நான் நடக் கூடாதா? ஒரு வருஷம்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சே" என்று அவர் கேட்பதிலும் நியாயம் இருந்தது. ஒருநாள் ஏரைக் கொண்டுவந்து தகர வீடுகளின் வாசல்வரை உழுதுவிட்டுப் போனார். ஜனங்கள் ரோட்டை மறித்தார்கள். போலீஸ் வந்தது. நடுவில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. பழைய மனுவெல்லாம் செல்லாது, புதிதாகக் கொடுங்கள் என்றார்கள்.

கடைசியில் வடிகாலுக்குத் தெற்கே ஒரு தாழ்வான திடலை வாங்கி, பட்டாவோடு முப்பத்தேழு வீடு கட்டினார்கள். முப்பத்தெட்டு இல்லை. காளியம்மாள் பெயரில் இருந்த கார்டு எரிந்துவிட்டது. கல்யாணமாகாத பெண்ணைத் தனிக் குடும்பமாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று வேம்புவின் பெயரை விட்டுவிட்டார்கள். வேம்பு சண்டை போடவில்லை. துணிப்பையோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

அம்சவல்லி விடவில்லை. தாலுகா ஆபீசுக்கும் தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்குமாக அலைந்தாள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, விஏஓ கையெழுத்து. ஒரு ஆபீசில், "செத்தவ உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். "பக்கத்து ஆளு" என்றாள். கேட்டவருக்குப் புரியவில்லை. மூன்றாவது வருஷம், திடலின் கோடியில் மிச்சமிருந்த மூலையில் ஒரு வீட்டுக்கு வேம்பு பெயரில் உத்தரவு வந்தது. அது கட்டி முடிய இன்னும் எட்டு மாதம்.

சாவி வாங்க வேம்பு வந்தாள். இளைத்திருந்தாள், கையில் ஒரு செல்போன். தாசில்தார் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வீட்டைத் திறந்து உள்ளே போய் ஐந்து நிமிஷம் நின்றாள். சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அம்சவல்லி வாசலில் இருந்து இரண்டு எட்டுத் தள்ளி, டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை.

வேம்பு வெளியே வந்து கதவைப் பூட்டினாள். சாவியைச் செல்லதுரையின் மனைவி பாக்கியத்திடம் கொடுத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் சித்தி. நான் எப்ப வருவேன்னு தெரியாது." பிறகு டீயைப் பார்த்து, "குடிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றாள். "வர்றேங்க" என்று பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். பெரியம்மா என்று கூப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

பாக்கியம் சங்கடத்தோடு சாவியை நீட்டி, "நீங்க வேணா வச்சிக்கிறீங்களா, அண்ணி? அலைஞ்சது நீங்கதானே" என்றாள்.

"உங்கிட்டதானே குடுத்தா. நீயே வச்சிரு" என்றாள் அம்சவல்லி. கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தாழ்வான திடல், கோடி வீட்டைச் சுற்றி முழங்கால் தண்ணீர் கட்டிக்கொண்டது. கட்டி ஒரு வருஷம்கூட ஆகாத சுவரில் ஈரம் ஏறுவது தூரத்திலிருந்தே தெரிந்தது. அம்சவல்லி துரைக்கண்ணுவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போனாள். அந்த வீட்டுப் பின்பக்கத்திலிருந்து வடிகால்வரை ஒரு வாய்க்கால் வெட்டத் தொடங்கினாள்.

பாக்கியம் தன் வாசலில் நின்று பார்த்தாள். "இந்த மழையில ஏன் அண்ணி? அங்க யாரு இருக்கா?"

அம்சவல்லி நிமிரவில்லை. மண்ணை வெட்டி ஓரமாக அணைத்துக்கொண்டே போனாள். சாயங்காலத்துக்குள் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது.